ரேவதி செய்த வீல்

செவ்வாய்க்கிழமை, இரவு

நல்லூர் பனியன் கம்பெனி முதலாளி இன்று புதுக் காருக்குப் பளபளப்பு மங்காமலிருக்க செராமிக் கோட்டிங் போட எங்கள் கார் பாலிஷ் கடைக்கு வந்தார். இறங்கியதும் என்னிடம், "அக்கா இல்லீங்களா? வீலை மட்டும் அவங்களே பண்ணட்டுமுங்க" என்றார். கடையைத் தொடங்கியது நான். என் மனைவி ரேவதிக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

வலைப்பின்னல் மாதிரி கம்பிகள் ஓடுகிற வீல். ரேவதி ஒவ்வொரு இடுக்கிலும் விரலை விட்டு கோட்டிங்கைத் தடவித் துடைத்தாள். நான் பானட்டைத் தேய்த்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வீலில் ஓர் இடுக்கில் கோட்டிங் துடைபடாமல் எண்ணெய் மினுக்கம் மாதிரி ஒரு திட்டாக நின்றிருந்தது. இறுகிவிட்டால் போகாது. எனக்குள் ஒரு சந்தோஷம்.

"சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"இருக்குது" என்றேன்.

அவள் டீ வாங்கப் போனாள். மனசு கேட்கவில்லை. குனிந்து நானே துடைத்துவிட்டேன்.

சாயங்காலம் முதலாளி வீல் பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா வேலை தனிதானுங்க" என்றார். ரேவதி சிரித்தாள்.

துடைத்ததை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், "நல்லவேளை, நீங்க பாத்தீங்க" என்று அதற்கும் மனசாரச் சிரிப்பாள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.