சீசரைப் பார்த்து டாமி

கல்பாக்கம் குவார்ட்டர்ஸ்
3.2.1997

அன்புள்ள ரேணுகாவுக்கு,

நான் நலம். படாளத்தில் உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் நலம்தானே? தீபாவளிக்குப் போனவள் பொங்கலுக்காவது வருவாய் என்று இரண்டு கரும்பு வாங்கி வைத்தேன். மூலையில் கிடந்து காய்ந்தே போயிற்று.

நாயானாலும் சீசர் மட்டும் உன்னை மறக்கவில்லை. திருக்கழுக்குன்றத்தில் பள்ளிக்கூடம் விட்டு நீ வருவாயே, அந்த ஐந்து நாற்பது பஸ், அதன் சத்தம் கேட்டால் இன்னும் கேட்டில் போய் நிற்கிறான். நீ கடையில் வாங்கிவரும் பொறை ரொட்டியின் நினைப்போ என்னவோ, எச்சில் தரையில் சொட்டுகிறது. கார்த்திகையில் டாமி என்று ஒரு தெருநாய் வந்து ஒட்டிக்கொண்டது. உன்னைக் கண்டதே இல்லை. அதுவும் பக்கத்தில் நின்று அதே மாதிரி சொட்டுகிறது! பஸ் போனதும் இரண்டுக்கும் சோறு வைத்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன். நாய்க்கு இருக்கும் நன்றிகூட இல்லையா என்றால் கோபித்துக்கொள்வாய். எப்போது வருகிறாய்?

உன்,
ராஜேந்திரன்


படாளம்
11.2.1997

ராஜேந்திரன் அவர்களுக்கு,

வணக்கம். என் பேச்சு வேண்டாம். சீசர் விஷயத்துக்காகத்தான் எழுதுகிறேன்.

பொறை கையில் இருந்தால்தான் அவனுக்கு எச்சில் ஊறும். எதுவும் கையில் இல்லாமல் ஏன் ஊறுகிறது? ஒரு பக்கமாக வடிகிறதா? வாய் நாற்றம் அடிக்கிறதா? சோற்றை மென்று தின்கிறானா, இல்லை முழுங்குகிறானா? வாயைத் திறந்து பாருங்கள். செங்கல்பட்டு மாட்டாஸ்பத்திரியில் காட்டுங்கள்.

ரேணுகா


கல்பாக்கம்
24.2.1997

அன்புள்ள ரேணுகாவுக்கு,

புருஷன் பெயரைச் சொல்லி எழுதிவிட்டாய். பரவாயில்லை, நாலு வரி எழுதினாயே.

வாய் கொஞ்சம் நாறத்தான் செய்கிறது. எந்த நாய்க்கு நாறாது? வியாதி என்றால் இரண்டுக்கும் ஒரே நேரத்திலா வரும்? நேற்று கேசவன் வந்தான், என் ஷிப்டுக்காரன். கேட்டைப் பார்த்துவிட்டு, "இன்னா மச்சான், உன் வூட்டு நாய்ங்க ரெண்டும் பைப்பு மாரி ஒழுகினு கீது?" என்று சிரித்தான். எல்லாம் பழக்கம்தான். ஒன்றைப் பார்த்து இன்னொன்று காப்பி அடிக்கிறது. நீ வீணாகப் பயப்படாதே. ஒரு தரம் வந்து பார்த்துவிட்டுப் போயேன்.

உன்,
ராஜேந்திரன்


படாளம்
28.2.1997

ராஜேந்திரன் அவர்களுக்கு,

அதே வார்த்தை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், எனக்கு ஏழாம் மாதம். கால் வீங்குகிறது, தலை வெடிக்கிற மாதிரி வலிக்கிறது என்று சொன்னேன். நீங்கள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "பக்கத்து வூட்டு அமிர்தவல்லியும் மாசமா கீது, அதுவும் இதையேதான் சொல்லுது. அவளப் பாத்து நீ காப்பி அடிக்கிற" என்றீர்கள். மூன்றாம் நாள் குழந்தை செத்துப் பிறந்தது. வயிற்றெரிச்சலோடு கேட்கிறேன், ஒரு நாளாவது அந்த வார்த்தையை நினைத்துப் பார்த்தீர்களா?

இனி எனக்கு எழுத வேண்டாம். அந்த வாயில்லா ஜீவனையாவது டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

ரேணுகா


கல்பாக்கம்
19.3.1997

ரேணுகா,

சீசர் போய்விட்டான்.

உன் கடிதம் கண்ட மறுநாளே லீவு போட்டு, வேன் பிடித்துச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனேன். டாக்டர் வாயைத் திறந்தார். நாக்குக்கு அடியில் எலுமிச்சை அளவு கட்டி. முன்னாலேயே வந்திருந்தால் அறுத்துப் பார்த்திருக்கலாம் என்றார். பஸ் நேரத்துக்குக் கேட்டில் நின்று, சோறு வைக்கும்வரை இரண்டும் சேர்ந்துதானே வடித்தது என்று அப்போதும் நான் வாதாடினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "கேட்டுல போயி நிக்கிறதத்தான் சார் இதப் பாத்து அது கத்துக்கினுச்சு. பஸ் போனா சோறு வரும்னு அதுக்குத் தெரியும். எச்சில் காப்பி அடிச்சு வராது. அதுக்குப் பசி. இதுக்கு வலி."

திரும்பி வரும் வழியெல்லாம் சீசர் என் மடியில் தலை வைத்திருந்தான். வேட்டி நனைந்தது. பதினைந்து நாள் கஞ்சி ஊட்டினேன். முந்தாநாள் விடியற்காலையில் உயிர் போயிற்று. உன் முருங்கை மரத்தடியில் புதைத்திருக்கிறேன்.

உன் வலியும் வலிதான் ரேணு. நீ யாரையும் பார்த்துக் காப்பி அடிக்கவில்லை. நான்தான் பார்க்கவில்லை. நம் பிள்ளையை நான் பார்க்காமல் விட்டேன்.

வீடு வாயைத் திறப்பதில்லை. வந்துவிடு.

ராஜேந்திரன்


படாளம்
2.4.1997

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சீசருக்காக அழுதேன்.

'நான்தான் பார்க்கவில்லை' என்ற அந்த ஒரு வரிக்காக இரண்டு வருஷம் காத்திருந்தேன். வந்திருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன், மனசு கொஞ்சம் இறங்கியது. ஆனால் பசி செத்த பிறகு வந்த சோறு மாமா, தொண்டையில் இறங்கவில்லை. நான் வர மாட்டேன். கருங்குழிப் பள்ளிக்கூடத்தில் ஜூனிலிருந்து வேலை. என்னை விட்டுவிடுங்கள்.

டாமி இன்னும் கேட்டில்தான் நிற்கும். அதுக்கு என் முகமே தெரியாது. டூட்டி முடிந்து வரும்போது கடையில் ஒரு பொறை வாங்கிக்கொண்டு, ஐந்து நாற்பதுக்கு பஸ் ஸ்டாப் பக்கமிருந்து வீட்டுக்கு நடந்து வாருங்கள். யாரோ வருவார்கள் என்று நின்று பழகிவிட்டது. நீங்களாவது வாருங்கள்.

வாரம் ஒரு தரம் அதன் வாயைத் திறந்து பாருங்கள்.

ரேணுகா