வராதவனுக்கு நான் போட்ட கையெழுத்து

டேய் சசி, என் ஜோடிக்காரா,

நோர்வூட் டவுனில் நம்ம சனிக்கிழமை தலைமைத்துவ வகுப்பு இன்னும் நடக்கிறது. "ஸ்கூல விட்டவனெல்லாம் தலைவனாகப் போறானாம்" என்று பஸ் ஸ்டாண்டில் நம்மைக் கிண்டல் அடிப்பாரே ஆட்டோக்காரர், அவர் மகனே இப்போது சேர்ந்திருக்கிறான். நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரிப்பாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வகுப்பு நடத்தும் தேவா அண்ணன் முதல் நாளே நம்மை ஜோடி சேர்த்தார். "ஒருத்தன் வரலைன்னா மத்தவன் அவன் லயத்து வீட்டுக்கே போய்ப் பாக்கணும். அதான்டா தலைமைத்துவம். மைக் புடிச்சுப் பேசுறது இல்ல." நான் மட்டம் போட்ட இரண்டு தடவையும் நீ மலையேறி வந்து என் போர்வையை இழுத்தாய்.

அந்தச் சனிக்கிழமை நீ வரவில்லை. வகுப்பு முடிந்ததும் எனக்கு சொப்ட்போல் மேட்ச். மழை வேறு. உன் லயம் வரை யார் ஏறுவது? வரவு இடாப்பில் உன் பெயருக்கு நேரே நானே கையெழுத்துப் போட்டேன். உன்னை மாதிரியே, கடைசி எழுத்தை இழுத்து.

"சசி எங்கடா?"

"இப்பதான் வெளிய போனான்ணே."

லயத்தில் எல்லாரும் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். நீ காய்ச்சலில் தனியாகக் கிடந்தாய். சாயங்காலம் உன் அம்மா வந்தபோது உனக்குப் பேச்சில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாய். நான் வருவேன் என்று பார்த்துக்கொண்டே கிடந்தாயா மச்சான்?

கருமாதி அன்று தேவா அண்ணன் அம்மாவிடம் இடாப்பைக் காட்டினார். ஒரு நாள்கூடத் தவறாதவனாம் நீ. அம்மா உடைந்துவிட்டார். "வேணாம்னு சொல்லியும் காச்சலோட மழையில போயிருக்கானே! நான் வேலைக்குப் போகாம நின்னிருந்தா தடுத்திருப்பேனே!" பிறகு என் கையைப் பிடித்தார். "கடைசியா எம்புள்ள அங்க என்ன பேசுனான் தம்பி?"

"சிரிச்சுக்கிட்டே இருந்தான்மா" என்றேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அந்த முகம்தான் என்னைத் தூங்க விடுவதில்லை.

இன்று எல்லாவற்றையும் அண்ணனிடம் கொட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன். "அம்மாகிட்டயும் நீயே போய்ச் சொல்லு" என்றார்.

நாளை ஞாயிறு, அம்மா வீட்டில் இருப்பார். போவேன்டா. "அவன் உங்க பேச்ச மீறலம்மா. வீட்டுலதான் கெடந்தான். நான்தான் வரல" என்று சொல்வேன். அவர் என்ன செய்தாலும் நின்று வாங்கிக்கொள்வேன்.

இப்போதாவது மலையேறி வரும் உன் மச்சான்,
ரவி