மேலே அண்ணன், கீழே தங்கை

நோர்டால், வட டக்கோட்டா
மார்ச் 9, 2008

அன்புள்ள ஆர்டிஸ்,

கிறிஸ்துமஸ் அட்டையில் வானிலையைத் தவிர வேறொன்றும் எழுதாத அண்ணன், மார்ச் மாதத்தில் முழுக் கடிதம் எழுதுகிறானே, யாராவது போய்ச் சேர்ந்துவிட்டார்களா என்று பயந்திருப்பாய். யாரும் போகவில்லை. உன் அண்ணி டார்லீனுக்கு மட்டும் நுரையீரல் முன்போல இல்லை. ஆக்சிஜன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் நடமாடுகிறாள். தூசி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கோதுமை விளைகிற ஊரில் தூசி ஆகாதாம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஓக்லஹோமாவிலிருந்து டிராவிஸ் என்று ஒருவன் வந்திருக்கிறான். எண்ணெய்க் கம்பெனிக்காகக் குத்தகை எழுதி வாங்குவது அவன் வேலை. இஸ்திரி போட்ட சட்டை, பனியில் வழுக்குகிற பூட்ஸ். மூன்று வாரம் நம் சமையலறையில் உட்கார்ந்து டார்லீன் செய்த ஆப்பிள் கேக்கைத் தின்றான். "ஐயா, ஒங்க வீட்டுக்கு அடியில ஒரு சவுதி அரேபியாவே இருக்கு" என்றான். நானும் ஷேக் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, பிடி கொடுக்காமல் பேசினேன்.

நான்காவது வாரம் வந்தவன் உட்காரவே இல்லை. பத்திர ஆபீஸுக்குப் போய் பழைய ஏடுகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். "ஐயா, மேல் மண்ணு மட்டுந்தான் ஒங்களது. கீழ இருக்கறது பூரா ஆர்டிஸ் ப்ரெக்கேங்கற பேருல இருக்கு. யாரு அவங்க?" என்று கேட்டான். டார்லீன் சிரித்த சிரிப்பில் குழாய் கழன்று விழுந்தது.

உண்மையிலேயே எனக்கு அது மறந்துபோயிருந்தது. அப்பாவின் உயிலில் வீடும் நானூற்று எண்பது ஏக்கரும் எனக்கு, அடியில் இருக்கிற கனிம உரிமை உனக்கு. உனக்குத் தர அவரிடம் வேறு எதுவும் இல்லை. "எனக்கு மண்ணு, ஒனக்குக் கல்லு" என்று சாப்பாட்டு மேசையில் நான் சொல்லிச் சிரித்தேன். நீ கோட்டை மாட்டிக்கொண்டு போனவள்தான். இருபத்தேழு வருஷம் ஆகிறது.

அவன் உன்னிடம் வருவான். கேக் கொடுக்காதே.

வெர்லின்

*

டுலூத்
ஏப்ரல் 2, 2008

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடச் சமையலறையில் அடுப்புப் பக்கம் நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தேன். கேக் சங்கதியில் எனக்கும் சிரிப்பு வந்தது. அண்ணியிடம் சொல். அவளுடைய நுரையீரலைப் பற்றி இத்தனை நாள் ஒரு வரி எழுதாத உன்னை என்ன செய்வது?

நான் நன்றாக இருக்கிறேன். கால் மட்டும் சாயங்காலம் வீங்குகிறது. இந்த வீட்டுக்காரர் வீட்டை விற்கப்போகிறாராம். அறுபத்திரண்டு வயதில் மறுபடி வாடகைக்கு வீடு தேட வேண்டும் என்று நினைத்தால் அலுப்பாக இருக்கிறது.

உன் டிராவிஸ் வந்தான். தண்ணீர்தான் கொடுத்தேன். ஏக்கருக்கு எண்பத்தைந்து டாலர் முன்பணம், எடுக்கிற எண்ணெயில் எட்டில் ஒரு பங்கு ராயல்டி என்றான். "இந்த வாரம் மட்டுந்தாம்மா இந்த விலை. திங்கக்கெழம கம்பெனி மனசு மாறிடும்" என்றான். "முப்பது வருஷமா பிள்ளைங்களுக்குச் சாப்பாடு போடுறேன் தம்பி. கடைசித் துண்டு இதுதான்னு சொல்லித் தள்ளிவிடறது எனக்கும் தெரியும்" என்றேன். காகிதத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

பதினோரு பக்கம் அண்ணா. எழுத்து எறும்பு அளவு. ஆனால் ஒரு இடத்தில் வந்து நின்றுவிட்டேன். நிலத்தின் மேற்பரப்பு தொடங்கி பூமியின் மையம் வரைக்கும் நான் அவர்களுக்குக் குத்தகை விடுகிறேனாம். மையம் வரைக்கும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அதை ஒருத்தி கையெழுத்துப் போட்டுக் கொடுக்க முடியுமா? அது என் பெயரில் இருந்ததா இத்தனை நாளும்?

இன்னொரு இடத்தில், மேல் நிலத்தில் எங்கே வேண்டுமானாலும் பாதை, தொட்டி, குழி போட்டுக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. அது உன் நிலம். அது எப்படி என்று விசாரித்து எழுது. பக்கத்து நிலத்துக்காரர்கள் எவ்வளவு வாங்கினார்கள் என்றும் கேட்டுச் சொல். எண்பத்தைந்து என்பது எனக்குக் காது குத்துகிற விலையாகத் தெரிகிறது.

ஆர்டிஸ்

*

நோர்டால்
மே 11, 2008

அன்புள்ள ஆர்டிஸ்,

நீ ஊரை விட்டுப் போய் ரொம்ப நாள் ஆகிவிட்டது என்பது உன் கடிதத்திலேயே தெரிகிறது. இங்கே ஒருவனிடம் போய் நீ எவ்வளவு வாங்கினாய் என்று கேட்பதா? மாடு எத்தனை, ஏக்கர் எத்தனை என்றுகூட யாரும் யாரையும் கேட்பதில்லை. அதைவிட அவன் பெண்டாட்டியின் எடையைக் கேட்டுவிடலாம். ஊரில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. காலையில் தானியக் கிடங்கில் காபி குடிக்க வருகிறவர்கள் புது வண்டியில் வந்து இறங்கி, மழை வருமா என்று பேசிவிட்டுப் போகிறார்கள். டிராவிஸுக்கு இந்த ஊர் சொர்க்கம். ஒருத்தனுக்குச் சொன்ன விலை அடுத்தவன் காதுக்குப் போகாது.

நீ கேட்ட மற்ற விஷயம். போன வாரம் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் நிலம் அளக்கிற கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து, சமையலறை ஜன்னலுக்கும் மரவரிசைக்கும் நடுவில் எட்டு முளைக்குச்சி அடித்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொன்றிலும் ரோஸ் நிற ரிப்பன். எண்ணெய்க் கிணறு அங்கேதான் வருமாம். வீட்டிலிருந்து இருநூறு கெஜம். இடம் சமதளமாக இருக்கிறதாம். "என்கிட்ட ஒரு வார்த்த கேக்க வேணாமா?" என்றேன். "கீழ இருக்கறவங்க கையெழுத்துப் போட்டா மேல இருக்கறவரு வழி விடணும் ஐயா, சட்டம் அது" என்றான் ஒருவன். மரியாதையான பையன்தான்.

ஒரு கிணற்றுக்கு இரண்டாயிரம் லாரி வந்து போகும் என்று சொல்கிறார்கள். டார்லீன் ஜன்னலில் நின்று குச்சிகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள், எண்ணினால் குறையும் என்பது போல.

இதெல்லாம் செய்திக்காக எழுதுவது. வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே. உரிமை உன்னுடையது. எனக்கு இதில் பேச்சு இல்லை.

வெர்லின்

*

டுலூத்
ஜூன் 20, 2008

அன்புள்ள அண்ணனுக்கு,

விடுமுறை விட்டதும் பஸ் ஏறி கிராண்ட் ஃபோர்க்ஸ் போய் வந்தேன். அங்கே பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய கிடங்கு இருக்கிறது. மாநிலத்தில் எங்கெல்லாம் துளை போட்டார்களோ அங்கிருந்தெல்லாம் எடுத்த கல்லை அட்டைப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். விற்பதற்கு முன்னால் என் சரக்கை நான் பார்க்க வேண்டாமா? கேட்டால் துரத்திவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அங்கே இருந்த ஒரு பெண், "வாங்கம்மா, ஒங்க ஊர்க் கல்லு இருக்கு" என்று கூட்டிப்போனாள். நம் நிலத்திலிருந்து ஆறு மைல் தள்ளி எடுத்தது.

மேசைமேல் வரிசையாக வைத்தாள். கை தடிமனுக்கு உருளை உருளையாக. முதலில் கரிக்கல் போல கறுப்பு, அடுத்து சாம்பல் நிறம், மறுபடியும் கறுப்பு. எண்ணெய் அந்தச் சாம்பலில்தான் இருக்கிறதாம். மொத்தமே நாற்பது அடிதான், உங்கள் தானியக் கிடங்கு அளவுக்குக்கூட உயரம் இல்லை. இரண்டு மைல் ஆழத்தில் இருக்கிறது.

கறுப்புக் கல்லில் தண்ணீர் தெளித்து, பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினாள். மணல் அளவுக்கு ஒரு பல். விலாங்கு போல ஏதோ ஒன்றின் பல். முப்பத்தாறு கோடி வருஷம் ஆகிறதாம். "இது கடலும்மா. அடியில காத்தே போகாத கறுப்புக் கடல். செத்ததெல்லாம் அழுகாம அப்படியே படிஞ்சு கெடக்கு" என்றாள்.

கடல், அண்ணா. அப்பா வரப்பில் நின்றுகொண்டு மேகத்தைப் பார்ப்பாரே, அவர் காலுக்குக் கீழே கடல் இருந்திருக்கிறது. மழை பொய்த்த வருஷமெல்லாம் இருந்திருக்கிறது. நான் கல்லை மோந்து பார்த்தேன். லேசாக மண்ணெண்ணெய் வாடை. கையில் பிடித்ததும் என்னையறியாமல் அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது வழியெல்லாம் வயல்களை என்னால் முன்போலப் பார்க்க முடியவில்லை. எல்லாம் ஒரு மூடி மாதிரி தெரிந்தது.

டிராவிஸ் வாரம் இருமுறை ஃபோன் செய்கிறான். விலை நூற்று ஐம்பதுக்கு ஏறியிருக்கிறது. சரியான விலை என்னவென்று தெரியாமல் நான் எதை வைத்துப் பேசுவது?

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

ஆர்டிஸ்

*

நோர்டால்
ஜூலை 6, 2008

ஆர்டிஸ்,

கேட்டுவிட்டேன்.

நான்காம் தேதி சுதந்திர தினத்துக்குத் தீயணைப்புக் கொட்டகையில் வழக்கம்போல ஊருக்கே பான்கேக். எனக்கு எதிரில் ஆர்வில் ஹாகன். நம் வடக்கு எல்லைக்காரன். உன் கடல் இரண்டு வாரமாக மண்டைக்குள் கிடந்ததோ என்னவோ, வெட்கத்தை விட்டு வாயைத் திறந்தேன். "ஆர்வில், ஏக்கருக்கு எவ்வளவுக்குக் கையெழுத்துப் போட்ட?"

மேசையில் முட்கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. ஆர்வில் காது சிவந்துபோனான். "ஒனக்கு என்னடா ஆச்சு வெர்லின்?" என்றான். "எனக்கு இல்ல. என் தங்கச்சிக்குத் தெரியணும்" என்றேன். பாதிரியார் இருமினார். ஆர்வில் பான்கேக்கில் இன்னும் கொஞ்சம் சிரப் ஊற்றிக்கொண்டே, "நூறு" என்றான். பக்கத்து மேசையில் அவன் சொந்த மச்சான் எழுந்து, "எனக்கு நானூறு, ஆறுல ஒரு பங்கு" என்றான். அதற்குப் பிறகு கொட்டகையில் யாரும் யாருக்கும் அடங்கவில்லை. ஒரே மாதம், ஒரே டிராவிஸ், ஒவ்வொருவருக்கும் ஒரு விலை. பான்கேக் எல்லாம் ஆறி விறைத்துப்போனது. வாசலில் நின்ற டிராவிஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

இப்போது பாதி ஊர் எனக்கு நன்றி சொல்கிறது, பாதி ஊர் முகம் கொடுப்பதில்லை.

ஆகவே நானூறு. ஆறில் ஒரு பங்கு. ஒரு டாலர் குறையாதே. உனக்கென்று ஒரு வீடு வாங்கிக்கொள்.

வெர்லின்

*

டுலூத்
ஆகஸ்ட் 14, 2008

அன்புள்ள அண்ணனுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆறில் ஒரு பங்கு கிடைத்தது. நீ வாய் திறந்து கேட்டதை நான் மறக்கமாட்டேன். உன்னைப் பெற்றெடுத்த நாளிலிருந்து அம்மாகூட அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

பூமியின் மையத்தைக் கொடுக்கவில்லை. அந்த நாற்பது அடியோடு நிறுத்தச் சொன்னேன். "அதுக்குக் கீழ யாருக்கும்மா வேணும்?" என்றான் டிராவிஸ். "எனக்கு" என்றேன். அங்கே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்று என் பெயரில் இருக்கட்டும் என்று தோன்றியது.

இன்னும் சில வரிகள் சேர்க்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே சேர்த்தான்.

பள்ளிக்கூட வேலையை இப்போதைக்கு விடவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் எனக்குப் பொழுது போகாது. பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு மாடிப் போர்ஷன் வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. விலாசம் பின்னால் எழுதியிருக்கிறேன்.

ஆர்டிஸ்

*

நோர்டால்
பிப்ரவரி 20, 2009

என் அன்புத் தங்கைக்கு,

செப்டம்பரில் அந்தக் குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். வேறு நல்ல இடம் கிடைத்திருக்கும் என்று நினைத்தேன். ஜனவரியில் ஆர்வில் நிலத்தில், இங்கிருந்து ஒன்றரை மைல் வடக்கே, துளை போடுகிற இரும்புக் கோபுரம் எழுந்தது. லாரியெல்லாம் அந்தப் பக்கத்துச் சாலையில்தான். எங்கள் ஜன்னலில் படிந்தது பனி மட்டும்.

போன வாரம் டிராவிஸ் விடைபெற்றுப் போக வந்தான். காபி குடித்துக்கொண்டே போட்டு உடைத்தான். "ஒங்க தங்கச்சி அந்த நானூத்தி எம்பது ஏக்கர்ல ஒரு சக்கரம்கூட நிக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க ஐயா. அதுக்குக் கம்பெனி நானூற இருநூத்தி அம்பதாக் கொறச்சிருச்சு. எழுவத்திரெண்டாயிரம் டாலர் நஷ்டம். நான் ரெண்டு தடவ கூட்டிக் காமிச்சேன். 'எனக்குக் கூட்டல் தெரியும் தம்பி'ன்னாங்க."

அவன் போனபிறகு நான் கொட்டகைக்குப் போய் டிராக்டர் பக்கத்தில் வெகு நேரம் நின்றேன். அன்றைக்கு அந்த மேசையில் நான் சிரித்ததற்கு இருபத்தேழு வருஷமாக ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன். நான் செய்தது தப்பு, ஆர்டிஸ்.

இன்னொன்று சொல்ல வேண்டும். துளை போடுகிறவர்களில் ஒருவனிடம் பேசினேன். துளைக்கிற இரும்புக் குழாய் கீழே இரண்டு மைல் நேராக இறங்கி, அங்கே திரும்பிப் படுத்துக்கொண்டு, அந்தச் சாம்பல் கல்லுக்குள்ளேயே தெற்கே வருகிறதாம். அவன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "வியாழக்கெழம காலைல பத்துலேர்ந்து பத்தரைக்குள்ள ஒங்க வீட்டுக்கு நேர் அடியில போகும்" என்றான்.

நேற்றுதான் வியாழன். டார்லீனும் நானும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்தோம். ரேடியோவை நிறுத்தினேன். பத்து மணிக்குப் பூட்ஸையும் சாக்ஸையும் கழற்றி, வெறும் காலைத் தரையில் வைத்தேன். டார்லீன் என்னைப் பார்த்தாள், பிறகு அவளும் செருப்பை விட்டாள். உன் கடலுக்குள், எங்களுக்கு நேர் கீழே, இரும்பு போய்க்கொண்டிருக்கிறது. காபிக் கோப்பையில் ஒரு வளையம்கூட எழவில்லை. பத்தே முக்காலுக்கு டார்லீன், "போயிருச்சா?" என்று கிசுகிசுத்தாள். "போயிருக்கும்" என்றேன். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. சர்ச்சில்கூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

ஐம்பது வருஷமாக இந்த நிலத்தை உழுகிறேன், இதன் ஒவ்வொரு மூலையும் எனக்குத் தெரியும் என்று இருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கலப்பை இறங்குகிற எட்டு அங்குலம். எழுபத்திரண்டாயிரம் டாலர் கொடுத்து நீ எனக்கு வாங்கித் தந்தது, நேற்றுக் காலை இந்த வீட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்பதுதான். இவ்வளவு பெரியதை எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

டார்லீனுக்குத் துணையாக அவள் அக்கா வந்திருக்கிறாள். திங்கட்கிழமை விடியும்போது நான் வண்டியை எடுக்கிறேன். திடீரென்று வாசலில் வந்து நின்றால் பயந்துவிடுவாய் என்றுதான் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் லீவு சொல்லிவிடு. பதில் எழுதாதே. இது உன் கைக்கு வரும்போது நான் பாதி வழியில் இருப்பேன்.

உன் அண்ணன்
வெர்லின்