சங்குமணல் ஊற்றைக் கேட்ட தமையனாருக்கு

மழை பிழையாதிருக்க! மன்னுயிர் வாடாதிருக்க!

முகில் தங்கும் பன்னிரு குன்றங்களுக்கு உரியவரும், அகிலும் தேக்கும் மணக்கும் குளிர்வரை நாட்டின் கோமானும், வளைகோலால் சிறுபந்தை நெடுந்தொலைவு அடித்துக் குழியில் வீழ்த்தும் குழிப்பந்தாட்டத்தில் தம்மை வெல்ல எவரையும் விடாதவருமான, என் உடன்பிறந்த தமையனார் விறற்சாத்த தேவரின் திருமுன்னர், கணவர் மறைந்த நாள்முதல் வெண்கரை நாட்டைக் காத்துவரும் தங்கை கொற்றிமாதேவி வணங்கி விடுக்கும் ஓலை. அங்கே அரண்மனையிலும் அங்காடியிலும் யாவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அண்ணியாரின் மூட்டுவலி தணிந்திருக்க வேண்டுகிறேன். இங்கும் யாவரும் நலம் என்று அடுத்து எழுதுவது வழக்கம். இன்று அதை எழுத என் மனம் இடம் தரவில்லை.

செலவைக் கட்டுப்படுத்தத் தாங்கள் அமர்த்திய அமைச்சர் குணவாயிலார் கொணர்ந்த ஓலை கிடைத்தது. மார்கழியில் மலையெங்கும் உறைபனி மூடிப் புல் மறைந்துபோவதால் ஆட்டம் நின்றுவிடுகிறதென்றும், தை பிறந்ததும் தாங்கள் பரிவாரத்தோடு வெயில் காய இங்கே எழுந்தருள்வதென்றும், வரி மிகுந்ததென்று குடிகள் முணுமுணுப்பதால் இவ்வாண்டுப் பயணம் சிக்கனமாக அமைய வேண்டுமென்றும் அதில் கண்டேன். அமைச்சர் வகுத்த சிக்கனத்தையும் படித்தேன். வேற்று நாட்டுத் துறைகளில் தங்கினால் மாளிகைக்கு வாடகை உண்டு, ஆடுகளத்துக்குக் காணிக்கை உண்டு, கோல் சுமப்போர்க்குக் கூலி உண்டு. தங்கை வீட்டில் தங்கினால் இவற்றில் ஒன்றும் இல்லை, ஒரு சீர்த்தட்டு போதும் என்று எழுதியிருக்கிறார். இதைக் கண்டுபிடிக்க ஓர் அமைச்சரும் அவருக்கொரு பல்லக்கும் எதற்கு என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

பிறந்தகத்துச் சீர் வாசற்படி ஏறிவிட்டால், கொணர்ந்தவர் கேட்டதை இல்லையென்பதும், எப்போது புறப்பாடு என்று வினவுவதும் வெண்கரைப் பெண்களுக்கு ஆகாத செயல். உடன்பிறந்தான் ஒருவன் பசியோடு வந்து தயங்கி நிற்கக்கூடாதே என்று எவரோ இரக்கத்தில் ஏற்படுத்திய வழக்கம் அது. அதையே தாங்கள் சத்திரமாக்கிக்கொண்டீர்கள். சென்ற ஆண்டு ஒரு பட்டும் ஒரு குடம் தேனும் தட்டில் வந்தன. அவற்றின் பின்னே எழுபது பேர் வந்தார்கள். மலைப்புல்லைக் கட்டி கட்டியாக வெட்டிக் கப்பலில் ஏற்றிவந்து எங்கள் மணல்மேட்டில் பதித்தார்கள். அந்தப் புல் எங்கள் வெயிலில் ஒரு நாள்கூட நீரின்றி நில்லாது. எனவே சங்குமணல் ஊரார் குடிக்கும் மணலூற்றுகளிலிருந்து காலையிலும் மாலையிலும் இறைத்து ஊற்றச் சொன்னீர்கள். சீர் படியேறிவிட்டது; நான் என்ன சொல்ல முடியும்? ஊற்றினோம்.

கடலோரத்து ஊற்று தங்கள் மலைச்சுனை போன்றதன்று. மணலுக்கடியில் மழைநீர் மெல்லியதாகக் கடல்நீரின்மேல் மிதந்து கிடக்கும். அளவோடு அள்ளினால் ஆண்டு முழுதும் இனிக்கும். அளவு கடந்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். தாங்கள் பங்குனியில் கப்பலேறினீர்கள். சித்திரையில் ஊற்றுகள் அத்தனையும் கரித்தன. சங்குமணல் மீனவர் வலையை மடித்து வைத்துவிட்டு, மீன் ஏற்றும் தோணிகளில் குடங்களை ஏற்றிக்கொண்டு, கழிமுகம் கடந்து நன்னீர் கொண்டுவரப் போனார்கள். ஒரு கோடை முழுதும் அந்த ஊருக்கு அதுவே தொழிலாயிற்று.

அவ்வூர்ப் பெண் சேந்தி என்பாள், மீன் உலர்த்திப் பிழைப்பவள், ஒரு செம்பு நீரோடு என் அவைக்கு வந்தாள். முறையீட்டை அவைத்தமிழில் மாற்றி எழுத ஓலைநாயகம் முனைந்தார், நான் தடுத்தேன். "ஆத்தா, ஒரு வாய் குடிச்சுப் பாரு. நம்ம புள்ளைங்க இதத்தான் குடிக்குது" என்றாள். குடித்தேன். தொண்டைக்குள் இறங்கவில்லை. அரியணையில் இருந்துகொண்டு துப்பவும் முடியவில்லை. அந்தச் சிறுமையை நான் என் ஆயுளில் மறக்கமாட்டேன்.

அன்றே தங்களுக்கு எழுதினேன். ஆவணியில் மறுமொழி வந்தது. ஒன்பதாம் குழியருகே மணல் சரிந்திருப்பதாகக் கேள்விப்பட்டீர்களாம், வருமுன் அதைச் செப்பனிடவேண்டுமாம். ஊற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஓலையின் மறுபக்கமும் பார்த்தேன், அண்ணனே. பின்னே ஏதாவது எழுதியிருக்கும் என்று எண்ணிய என் பேதைமையை என்ன சொல்ல!

தங்கள் ஆட்டத்தை நான் அருகிருந்து கண்டவள். தாழம்புதரில் பந்து விழுந்தால் தங்கள் தளபதியார் அதைக் காலால் வெளியே தள்ளிவிட்டு, அரசர் பந்து புல்லில்தான் கிடக்கிறது என்று கூவுவார். தாங்கள் தவறவிட்ட அடிகள் எண்ணப்படுவதில்லை. பிறர் தவறியது ஒன்றும் விடுபடுவதில்லை. சிறுவயதில் பல்லாங்குழி ஆடியபோதும் இப்படித்தான். அப்போது சிரித்தேன், ஏனென்றால் என் கையிலிருந்து போனது வெறும் சோழி.

இவ்வாண்டு ஐப்பசியும் கார்த்திகையும் கருணை காட்டின. சங்குமணலில் ஒரே ஓர் ஊற்று மீண்டும் இனித்திருக்கிறது. ஊரார் அதைச் சுற்றிப் பனைமட்டை வேலியிட்டு, வீட்டுக்கு இரண்டு குடம் என்று முறை வைத்து, கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு ஒரு குடம் கூடுதலாக விட்டு, ஒருவரை ஒருவர் ஏசாமல் அள்ளிக்கொள்கிறார்கள். இது எப்படியோ குணவாயிலார் காதுக்கு எட்டிவிட்டது. உப்புநீரில் புல் கருகுமாதலால் அந்த ஊற்றை ஆடுகளத்துக்கு ஒதுக்கவேண்டும் என்றும், கருவாட்டு நாற்றம் ஆட்டத்துக்கு இடையூறாகையால் ஊராரைத் தை, மாசி இருதிங்களும் வேறிடத்தில் இருத்தவேண்டும் என்றும், இதனால் தங்களுக்கு யாதொரு செலவும் நேராது என்றும் அவர் எழுதிக் கொணர்ந்ததன் கீழே தங்கள் முத்திரை இருக்கக் கண்டேன். அமைச்சர் தாமாக எழுதியது என்று நினைத்துக்கொள்ளத் தங்கள் முத்திரை எனக்கு வழிவிடவில்லை.

செலவு உண்டு, அண்ணனே. அதைத் தாங்கள் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே என் முடிவைக் கேட்டருள்க. குணவாயிலார் கொணர்ந்த சீர்த்தட்டு இன்னும் துறைமுகத்துச் சுங்கச்சாவடியில் இருக்கிறது. என் வாசற்படியை அது மிதிக்க விடவில்லை. அவர் வெகுண்டு, பிறந்தகத்துச் சீரைத் திருப்பும் பெண்ணுக்கு அதன்பின் பிறந்தகமே இல்லை என்பது தேவிக்குத் தெரியாதோ என்று கேட்டார். தெரியும் என்றேன். இந்த ஓலை அந்தத் தட்டின்மேல் வைத்தே தங்களிடம் வருகிறது. தேனைச் சுவைத்தும் பார்க்கவில்லை. சுவைத்தால் மனம் இளகிவிடுமோ என்ற அச்சந்தான் காரணம்.

நம் துறைகாவலர்க்கும் ஊற்றுக்காவலர்க்கும் இட்ட ஆணையாவது: குளிர்வரையிலிருந்து வணிகர் வந்தால் வரவேற்க; நோயுற்றோர் வெயில் நாடி வந்தால் இடமும் மருந்தும் தருக; வளைகோலும் பந்தும் ஏற்றிவரும் கலம் எதுவாயினும், அரசக்கொடி பறந்தாலும், கரையணைய விடாதிருக்க. மணல்மேட்டுப் புல்லுக்கு இனி ஒரு செம்பு நீரும் ஊற்றற்க. சங்குமணல் ஊற்று சங்குமணலார்க்கே உரியது. என் காலத்துக்குப் பின் ஆள்வோரும் இதனை மாற்றாதிருக்க.

இந்த ஆணையை எழுதி முடித்தபின் அழுதேன் என்பதை மறைக்கவில்லை. கட்டிக்கொடுத்த பெண் கண்மூடினால் பிறந்தகத்துக் கோடித்துணி வந்து போர்த்தியபின்பே பாடை எழும். அதை இன்று நானே வேண்டாமென்று திருப்பிவிட்டேன். ஊற்றங்கரையில் இவ்வாணையை வாசித்தபோது, தேவிக்கு இனி யார் கோடி போடுவார்கள் என்று கூட்டத்தில் ஒரு முதியவர் கேட்டுவிட்டார். சேந்திதான் இடுப்புக் குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்: "கோடி நாங்க போடுறோம் ஆத்தா. குளிப்பாட்ட நல்ல தண்ணியும் இருக்கும்."

இவ்வண்ணம் வெண்கரை அரசி கொற்றிமாதேவி, சங்குமணல் ஊற்றங்கரையில், ஊரார் சான்றாகச் சங்கு முத்திரை பொறித்து விடுத்த ஓலை. இதன்படியே செய்க.