உன் குரல் மட்டும்

அன்புள்ள ஸ்டெல்லாவுக்கு,

நான் சுகம். பட்டிப்பொலை மலைக் குளிருக்கு நம் மகன் அனுப்பிய ஸ்வெட்டர் போதும். கனடாவுக்குக் கொஞ்ச நாள் என்றுதானே போனாய்? சும்மா கேட்டேன்.

நேற்று தோட்டத்துக் கீழ் லயத்து வீடொன்றில் ஒரு சடங்கு. திடீரென்று ஸ்பீக்கரில் நம் பாட்டு! அறுபதுகளில் நம்மைக் கொழும்பு ஹோட்டல் மேடைகளில் ஏற்றிய, பிறகு தோட்டத்துக் கல்யாணத்தில்கூட யாரும் கேட்காமல் போன அதே பாட்டு. புதிதாக மேளம் சேர்த்து, நான் பாடிய வரிகளை வெட்டியிருந்தார்கள், பாவிகள். உன் குரல் மட்டும் இருந்தது. எல்லாரும் ஆடினார்கள்.

நீ நிறுத்திய இடங்களில் என் வரிகளை நான் மெல்லப் பாடினேன்.

பந்திக்குக் கதிரை எடுக்க வந்த பெண், என் பக்கத்தில் காலியாக இருந்ததைத் தொட்டாள்.

"ஐயா, இதுல யாராச்சும் இருக்காங்களா?"

"வீட்டுக்காரம்மா இருக்காங்க" என்றேன். கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
உன்னோடு பாடியவன்