பதில் எழுத்தில் தரப்படும்

ஜூலை 7, திங்கள்

இல்லை, மறக்கவில்லை. தள்ளிப்போடுகிறேன். இரண்டும் வேறு.

விடிந்ததிலிருந்து மழை. ரங்கூனில் எங்கள் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டை முழுவதும் சாக்கடையும் தெருவும் ஒன்றாகிவிட்டன. அம்மாவின் தோசைக் கடைக்கு ஆள் குறைவு. துவைத்துப் போட்ட லோஞ்சி எதுவும் காயவில்லை. ஈரத்தையே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பிரபு சனிக்கிழமை போனில் கேட்டது. வெள்ளியன்று அவருக்கு நேர்காணல், மே சோட்டில், தாய்லாந்து எல்லைக்கு அந்தப் பக்கம். அகதியாக ஐரோப்பாவில் குடியேற இடம் கிடைக்கலாம். தனி ஆள் என்று சொல்வதா, இரண்டு பேர் என்று சொல்வதா.

"நீ இங்க வந்துட்டா கல்யாணத்தை இங்கயே பதிவு பண்ணிக்கலாம். சொல்லு மேகலா."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சிரித்தார். லைன் போய்விட்டது.

ராணுவத்துக்கு ஆள் பிடிக்கத் தொடங்கியபோது போனவர். அன்றிலிருந்து எனக்கு அவர் ஒரு குரல். குரலுக்குக் கழுத்து இல்லை. காலரில் சோப்பு வாசனை இல்லை.

வேலை: புதிய ஒலிப்பதிவு. ஐரோப்பாவில் ஒரு நாடாளுமன்றக் குழு. மத்தியதரைக் கடலுக்குத் தெற்கே உள்ள அண்டை நாடுகளோடு ஒத்துழைப்பு எப்படி நடக்கிறது என்று அதிகாரிகளை உட்காரவைத்துக் கேட்கிறார்கள். நான் கேட்டு, சுருக்கி, ஆங்கிலத்தில் எழுதிச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து எங்கே போகிறதோ.

தென் அண்டை என்கிறார்கள். நல்ல சொல். வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். நாங்கள் அவர்களுக்கு எந்தத் திசையிலும் அண்டை இல்லை.

(தமிழில் எழுதுவது ஏன்: சோதனைச் சாவடியில் பையைத் திறந்தால் யாருக்கும் வாசிக்க வராது. அம்மாவுக்கும் பேசத்தான் வரும்.)

ஜூலை 8, செவ்வாய்

வெயில் கொஞ்சம். காலையில் தெருவே கத்தியது, "மீ லா பீ!" கரண்ட் வந்துவிட்டதாம். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் மோட்டார், அரிசிக் குக்கர், நான்.

சென்னையிலிருந்து ரகு சார் போன். என் வேலையைத் திருத்துகிறவர். முகம் பார்த்ததில்லை.

"ஏம்மா, 'ஒரு உறுப்பினர் கேட்டார்', 'இன்னொரு உறுப்பினர் கேட்டார்'னே எழுதிருக்கே. யாரு கேட்டா? பேர் எங்க?"

"எடுத்துட்டேன் சார்."

"எடுத்துட்டியா? ஏன்?"

"கேட்டவங்களுக்குப் பிரச்சனை வரும்ல."

அந்தப் பக்கம் வெடித்த சிரிப்பு. "அம்மா தாயே! அது டிவியில வர்ற மீட்டிங். பேர் வரணும்னுதான் அவங்க கேக்குறதே!"

சிரிப்பு பாதியில் நின்றது. "நீ ரங்கூன்ல இருக்கேல்ல. சரிம்மா. பேரெல்லாம் திரும்பப் போட்டுடு."

திட்டமிட்டுச் செய்யவில்லை. கை செய்திருக்கிறது. எங்கள் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தால் புகார் சொல்லக் கூட்டமாகப் போவோம். யார் வாய் திறந்தது என்று தெரியக் கூடாது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவோம். அதைத்தான் அந்த உறுப்பினர்களுக்கும் செய்திருக்கிறேன். பெயரை மட்டுமா? 'ஏன் செய்யவில்லை' என்று கேட்டதை 'செய்ய வாய்ப்பு உண்டா' என்று மாற்றியிருக்கிறேன். அவர்களுக்குத் தெரியாமலே அவர்களைக் காப்பாற்றியிருக்கிறேன்.

மதியம் முழுவதும் பெயர்களைத் திரும்ப வைத்தேன். ஒவ்வொரு முறையும் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

ஒரு பெண் உறுப்பினர். சளி பிடித்த குரல். தென் கரையில் ஏதோ ஒரு ஊர், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, ஐரோப்பியப் பணம். அவர் கேட்டது இவ்வளவுதான்: அந்த ஊரில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா?

அதிகாரி: கூட்டாண்மை, நீண்டகாலப் பார்வை, பரஸ்பரப் பொறுப்பு. பதில் எழுத்தில் தரப்படும்.

"போன கூட்டத்திலும் இதையே சொன்னீர்கள். வருகிறதா, இல்லையா?"

"குறித்துக்கொண்டேன்."

அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். வேலைக்காக அல்ல. அவர் இருமுகிறார், மன்னிப்புக் கேட்கிறார், மறுபடி கேட்கிறார். யாரும் அவரை வெளியே கூட்டிக்கொண்டு போகவில்லை.

சர்வதேச உறவுகள் படித்தேன், மூன்றாம் வருடம் வரை. பிறகு வகுப்பே நடக்கவில்லை. அப்படி ஓர் அறையில் கடைசி வரிசையில் உட்கார வேண்டும். கிளாஸில் தண்ணீர் ஊற்றுகிறவளாக இருந்தாலும் சரி.

ஜூலை 10, வியாழன். வாசோ பௌர்ணமி

விடுமுறை. நாளையிலிருந்து பௌத்தர்களுக்கு மூன்று மாத நோன்புக் காலம். தெரு நிறையத் தாமரை மொட்டும் வெள்ளைச் சட்டையும், எல்லாம் பகோடா பக்கம். கடையில் நிற்க இடமில்லை. கம்ப்யூட்டரை மூடிவிட்டு இட்லி எடுத்துக் கொடுத்தேன்.

எதிரே வெற்றிலை விற்கும் மா கின், பர்மியத்தில், மரியாதைக்கு 'டோ' போட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி: "டோ காமாட்சி, பொண்ணுக்குக் கல்யாணம் பண்றதுன்னா இன்னிக்கே பண்ணுங்க. நாளையிலேர்ந்து மூணு மாசம் கிடையாது."

அம்மா: "மூணு மாசம் உங்களுக்கு. எங்களுக்கு ஆடி ஒண்ணுதான். உங்களுக்கு முன்னாடி முடிச்சுருவோம்."

"பொண்ணு என்ன சொல்லுது?"

"அது வெள்ளைக்காரங்க சண்டையைக் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. என்கிட்ட எங்க சொல்லுது?"

என்னைப் பார்க்காமல் சொன்னார். தெரிந்திருக்கிறது. எவ்வளவு என்று தெரியவில்லை.

பிரபுவிடமிருந்து: "நாளைக்குக் காலையில உள்ள கூப்பிடுவாங்க. உன்னை அவசரப்படுத்தலை."

கொஞ்சம் கழித்து: "அவசரப்படுத்துறேன்."

பதில் அடித்தேன். எல்லைக்குப் போகும் மியாவடி ரோட்டின் நிலைமை. அம்மாவின் மூட்டு வலி. இருவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய நீண்டகால விஷயம். படித்துப் பார்த்தேன். அந்த அதிகாரி பேசியது போலவே இருந்தது. அழித்தேன்.

வேண்டியவை:
அவர் டீயைத் தட்டில் ஊற்றி ஊதுவது.
பஸ்ஸில் என் பக்கம் வெயில் வந்தால் ஒன்றும் சொல்லாமல் இடம் மாறுவது.
பர்மியத்தில் கோபப்பட்டுத் தமிழில் சமாதானமாவது.
என் பெயரைச் சொல்லிவிட்டு எதுவும் சொல்லாமல் நிற்பது.

ஜூலை 11, வெள்ளி

லேசான தூறல். கடை திறந்து முதல் தோசை கல்லில். வேறு ஆள் வருவதற்குள் கேட்டுவிட்டேன்.

"அம்மா, பிரபு என்னைக் கூப்பிடுறார். அங்கேருந்து ஐரோப்பா. நான் போனா நீங்க எப்படி இருப்பீங்க?"

என்ன சொல்வார் என்று எனக்குள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். என்னைப் பத்தி என்ன, நீ நல்லா இருந்தாப் போதும். அதை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போட்டிருப்பேன்.

அம்மா தோசையைத் திருப்பினார்.

"கஷ்டமா இருக்கும். கடையைத் தனியாப் பாக்க முடியாது. முட்டி வலிக்குது. சாயங்காலம் பேச ஆள் இருக்காது."

தட்டை எடுத்து நீட்டினேன்.

"போகாதேன்னுதான் சொல்லுவேன். கேட்டேல்ல?"

"கேட்டேன்."

"அப்ப அதான் பதில்." தோசையைத் தட்டில் போட்டார். "அதுக்காக நீ இங்கயே இருந்தேன்னா, தினம் அந்த மூஞ்சியைப் பாத்துக்கிட்டு என்னால தோசை சுட முடியாது. போறதுன்னா போ. ஆனா நான் சரின்னு சொன்னேன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லாத. நான் சொல்லல."

இந்த வாரம் நான் கேட்ட ஒரே நேரான பதில். கட்டிக்கொள்ளத் தோன்றியது. கல்லில் அடுத்த தோசை.

பின்கட்டில் நின்று கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"ரெண்டு பேர்னு சொல்லுங்க."

"அம்மா?"

"போகாதேன்னு சொன்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. ரெண்டு பேர்னு சொல்லுங்க."

"மேகலா," என்றார். எதுவும் சொல்லாமல் நின்றார். அவர் பக்கத்தில் யாரோ ஒரு எண்ணைக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டார்.

நேர்காணலில் என்ன சொல்வார்களோ. ரோடு எப்படி இருக்குமோ.

அம்மா கதவுக்கு அந்தப் பக்கம்தான். கரண்டி கல்லில் உரசும் சத்தம் கேட்கிறது. ஏதோ ஐரோப்பிய ஊரில் ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்து இந்தச் சத்தத்துக்காக ஏங்குகிறேன், இப்போதே, இங்கிருந்தே.

கடையில் ஆள் சேர்ந்துவிட்டது. போய்த் தட்டு கழுவினேன்.