நன்றி என்று நான் எழுதிய தாள்

பாய், இன்று காலை உங்கள் பெயருக்குப் பதிவுத் தபால் வந்தது. வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கிறோம் என்று என் வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தீர்களே, அதனால் என்னிடமே வந்துவிட்டது. பழுப்பு உறை, பசை வாடை. மூன்று வருடம் நீங்கள் காத்திருந்த கடிதம், நீங்கள் கண்மூடி ஐந்து மாதம் கழித்து வந்திருக்கிறது.

உங்களை அடித்த போலீஸ் அதிகாரி மேல் வழக்கு நடத்த அரசு அனுமதி தர முடியாதாம். கடமையைச் செய்யும்போது நடந்ததாம். துணி வெட்டும் ஒரு கட்டிங் மாஸ்டரின் வலது கட்டைவிரலை முறிப்பது எந்தக் கடமை என்று அதில் எழுதவில்லை.

நெருப்பெரிச்சல் ஊரில் நம் பனியன் கம்பெனியில் இரண்டு ரோல் துணி காணோம் என்று உங்களைக் கூட்டிப் போனார்கள். மறுநாள் மதியம் அது சாயப்பட்டறையிலேயே கிடப்பது தெரிந்தது. சூப்பர்வைசர் என்ற முறையில் நான்தான் உங்களை அழைத்துப்போக ஸ்டேஷனுக்கு வந்தேன். கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றீர்கள். எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டிப் போகச் சொன்னார்கள். நம் ஊர்ப் பழக்கம், எதையும் மரியாதையாக முடித்தால்தான் எனக்கு மனம் ஆறும். ‘நல்லபடியாக அனுப்பி வைத்தார்கள், மிக்க நன்றி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். துண்டை விலக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

அந்தத் தாளைத்தான் கடிதம் முதல் காரணமாகச் சொல்கிறது.

அரசாங்க ஆள் மேல் கேஸ் நடத்த அரசாங்கமே சம்மதிக்க வேண்டும் என்று நாம் பார்க்கப்போன வக்கீலம்மா விளக்கிய அன்று, படியிறங்கும்போது கேட்டீர்கள்: “ஏனுங்க, அடிச்சவங்க ஊட்லயே போயி, உங்க மேல கேஸ் போடட்டுங்களான்னு கேக்கோணுங்களா?” நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

“நான் எடுக்கலீங்க, என்னைய அடிச்சாங்க. இத கோர்ட்ல ஒருத்தர் எழுதிக்கிட்டா போதுங்க,” என்றீர்கள். அது ஒன்றுதான் உங்களுக்கு வேண்டியிருந்தது. என்னை ஒரு நாள் திட்டியிருக்கலாம் பாய். “விடுங்க, நீங்க வந்ததே பெருசுங்க” என்று சொல்லிவிட்டீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வக்கீலம்மாவுக்குப் போன் செய்தேன். மேல் கோர்ட்டுக்குப் போகலாம், உங்கள் மனைவி கையெழுத்து வேண்டும் என்றார். உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மனைவி உறையைக் கையில் வாங்கவே இல்லை. “கேட்டவரே இல்லீங்களே,” என்றார். உறையோடு திரும்பி வந்தேன்.

உறை இப்போது என் பீரோவில் இருக்கிறது. காலையில் தபால்காரர் நீட்டிய சீட்டில் உங்களுக்காக நான்தான் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு, வாய் சும்மா இருக்கவில்லை பாய், “ரொம்ப நன்றிங்க” என்றேன்.